கணினியில் தொங்கிய சிவப்பு அட்டை

என்னைப் பார்க்க வரும் புதியவர்களே, நீங்கள் எல்லாரும் உட்காருவதற்கு முன்பே ஒரு கேள்வி கேட்கிறீர்கள். "எடிட்டிங் கத்துக்கணும் மேடம், எந்த சாஃப்ட்வேர் நல்லது?" இலவசமாகக் கிடைப்பதில் ஏதாவது ஒன்றை இறக்கிக்கொண்டு இன்றைக்கே ஆரம்பியுங்கள் என்று நான் சொன்னதும் உங்கள் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டுமே! "இலவசமா?" என்று இழுப்பீர்கள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "பெரிய சாஃப்ட்வேரோட கிராக் வெர்ஷன் ஒரு ஃப்ரெண்டுகிட்ட இருக்கு மேடம்" என்பீர்கள். அந்த ஃப்ரெண்டு எல்லாத் தலைமுறையிலும் இருக்கிறான். நான் வேலை பார்த்த பிரிவில் ஒரு தடவை அவன் கொடுத்த பென் டிரைவைச் செருகித்தான் கணினி வைரஸ் பிடித்துப் படுத்தது. அதற்குப் பிறகுதான் நான் பிடிவாதமாக இலவச மென்பொருளுக்கு மாறினேன்.

இலவசம் என்றால் மட்டம் என்று உங்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? உலகத்தில் எங்கெங்கோ இருக்கிறவர்கள் சேர்ந்து எழுதி, எப்படி எழுதினோம் என்பதையும் திறந்து வைத்து, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள் என்று கொடுத்த மென்பொருள் அது. வெட்டலாம், ஒட்டலாம், குரல் சேர்க்கலாம், எழுத்துப் போடலாம். நமக்கு வேறென்ன வேண்டும்? ஆனால் நீங்கள் முதல் நாளே எஃபெக்ட் பட்டியலைத் திறந்து உட்கார்ந்துவிடுகிறீர்கள். கன்வேயர் பெல்ட் பக்கத்தில் கவனமாக நடங்கள் என்று சொல்லும் படத்தில், ஒரு காட்சி முடிந்து அடுத்த காட்சி வருவதற்குள் இதயம் இதயமாகப் பறக்கவிட்ட ஒருவரை எனக்குத் தெரியும். பெயர் சொல்ல மாட்டேன், அவரும் இதைப் படிப்பார்.

உங்களைக் கவிழ்க்கப்போவது சாஃப்ட்வேர் அல்ல. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் நிலக்கரிச் சுரங்க டவுன்ஷிப்பில், தொழிலாளர் பயிற்சி மையத்தின் ஆடியோ விஷுவல் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தபோது கணினி கிடையாது, டேப்தான். அங்கே எனக்கு மூத்தவர் ஒருவர் இருந்தார். அதிகம் பேச மாட்டார். ஒரு விழா அன்று டேப் மெஷினுக்குள் சிக்கிக்கொண்டது. ஹால் நிறைய ஆட்கள் காத்திருக்கிறார்கள். நான் பதறிப்போய் மூடியைத் திறந்து டேப்பைப் பிடித்து இழுக்கப் போனேன். அவர், "கையை எடு" என்றார். அவ்வளவுதான். டீயை முழுசாகக் குடித்து முடித்துவிட்டு வந்து, பொறுமையாக மூடியைக் கழற்றி, டேப்பை ஒரு கிழிசல் இல்லாமல் வெளியே எடுத்தார். அத்தனை பேரைக் காக்க வைத்துவிட்டு டீ குடிக்கிறாரே என்று அன்றைக்கு அவர் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. பிறகு புரிந்தது. முதல் தப்பு எப்போதும் சின்னதாகத்தான் இருக்கும். அதைச் சரிசெய்கிறேன் என்று பதற்றத்தில் செய்கிற இரண்டாவது தப்புதான் ஆளைச் சாய்க்கும்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில மாதங்கள் முன்பு எங்கள் பிரிவில் என்னைச் சேர்த்து மூன்று பேர் இருந்தோம். ஒருத்தி வளர்மதி, பக்கத்தில் இருக்கும் வடக்குத்து ஊர்ப் பெண், காண்ட்ராக்ட். முதலில் எங்கள் மையத்தைப் பெருக்கித் துடைக்கிற காண்ட்ராக்டில்தான் வந்தாள். ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில், தன் போனில் அக்கா மகளின் மஞ்சள் நீராட்டு விழாவை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். எங்கே நிறுத்த வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. எங்கள் தொழிலில் பாதிப் பேருக்கு அது கடைசி வரை தெரியாது. அதிகாரியிடம் சண்டை போட்டு அவளை என் பிரிவுக்கு இழுத்தேன். இலவச மென்பொருள் என்பதால் அதையே தம்பியின் பழைய லேப்டாப்பில் போட்டுக்கொண்டு, பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டு வீட்டிலும் பழகினாள். காசு கொடுத்து வாங்குகிற சாஃப்ட்வேராக இருந்திருந்தால் அது நடந்திருக்குமா?

இன்னொருவர் கோதண்டம், திருவதிகைக்காரர், பெர்மனென்ட். சுரங்கத்தில் மெயின்டனன்ஸில் வேலை பார்த்து, இடுப்பு வலி வந்து, லேசான வேலை கொடுங்கள் என்று எழுதிக் கேட்டு எங்களிடம் வந்தவர். நல்ல மனிதர். சுத்தம் என்றால் உயிரை விடுவார். சுரங்கத்தில் ஷிப்ட் முடியும்போது ஸ்பானரைத் துடைத்து, கந்தல் துணியைப் பொறுக்கி, எண்ணெய் சிந்திய இடத்தில் மண் போட்டு, அடுத்த ஷிப்ட்காரனிடம் இடத்தைப் பளிச்சென்று ஒப்படைக்க வேண்டும். இல்லாவிட்டால் திட்டு விழும். அந்தப் பழக்கம் அவருக்கு ரத்தத்திலேயே ஊறியிருந்தது. எங்கள் அறையிலும் சாயங்காலம் கிளம்புமுன் மேஜையைத் துடைத்து, கீபோர்டைத் தட்டி, வயர்களைச் சுருட்டிக் கட்டி வைத்துவிட்டுத்தான் போவார். ஹவுஸ்கீப்பிங்குக்கு அவரைக் காட்டிப் பாடம் நடத்தலாம் என்று நானே மெச்சியிருக்கிறேன்.

அந்த வருஷம் பாதுகாப்பு விழாவுக்கு மழைக்காலப் படம் ஒன்று செய்யச் சொன்னார்கள். பெருமழையில் சுரங்கத்துக்குள் தண்ணீர் இறங்கும்போது பம்பு செக்‌ஷன் ஆட்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்பதுதான் படம். முதல் பெருமழை அன்று வளர்மதி ரெயின்கோட் போட்டுக்கொண்டு, கேமராவுக்குக் குடை பிடித்துக்கொண்டு, அவர்களோடு கீழே இறங்கினாள். முழங்கால் தண்ணீரில் ஆட்கள் குழாயைத் தோளில் சுமந்து போவது, பம்பு உறுமிக்கொண்டு முதல் வீச்சில் செந்தண்ணீரைக் கக்குவது, ஒருவர் ஹெல்மெட்டைக் கழற்றி மழையிலேயே முகம் கழுவிக்கொண்டு சிரிப்பது என்று எல்லாம் பிடித்து வந்தாள். இதையெல்லாம் மறுபடி எடுக்க முடியாது. மழை விட்டு, தண்ணீரும் இறைத்தாகிவிட்டது.

எங்கள் அதிகாரி, அவர் ஒரு கோயம்புத்தூர்க்காரர், பேச்சில் மரியாதைக்குக் குறைச்சல் இல்லை, படம் ஆரம்பிக்கும்போதே சொல்லிவிட்டார்.

"மேடம், வெளியில ஸ்டுடியோக்காரங்க கேட்டுட்டே இருக்காங்க. இந்தப் படம் நல்லா வந்துதுன்னா அந்தப் பொண்ணுக்கு எடிட்டர்னே போட்டு ரினியூவல் எழுதறேன். வரலைன்னா வேலையை வெளியில குடுத்துடலாங்க. அந்தப் பொண்ணு பழைய காண்ட்ராக்டுக்கே போகட்டும்."

பழைய காண்ட்ராக்ட் என்றால் துடைப்பம். வளர்மதி அதைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில்தான் நின்றாள். அவர் போனபிறகு என்னிடம், "பெருக்குறது கேவலம்னு சொல்லல மேடம். ஆனா இந்த சேர்ல உக்காந்துட்டு, நாளைக்கு இதே சேருக்குக் கீழ குனிஞ்சு பெருக்கணும்னா என்னால ஆவாது" என்றாள்.

இப்போது ஒரு விஷயத்தைக் காதில் போட்டுக்கொள்ளுங்கள். எத்தனை தடவை சொன்னாலும் நீங்கள் தலையாட்டிவிட்டு மறந்துபோகிற விஷயம். எடிட்டிங் மென்பொருளில் நீங்கள் சேமிக்கிற ப்ராஜெக்ட் ஃபைலுக்குள் உங்கள் வீடியோ இருக்காது. அது வெறும் சமையல் குறிப்பு. இந்த டப்பாவில் இருக்கும் அரிசியை இவ்வளவு எடு, அந்த டப்பாவில் இருக்கும் பருப்பை அதன் மேல் போடு என்று எழுதியிருக்கும். டப்பாவைத் தூக்கிப் போட்டுவிட்டுக் குறிப்பை மட்டும் வைத்துக்கொண்டு சோறு பொங்க முடியுமா?

கோதண்டத்துக்கும் இதைச் சொன்னேன். தலையாட்டினார்.

படம் முக்கால்வாசி முடிந்திருந்தது. நகல் எடுத்து வைக்க இன்னொரு டிஸ்க் கேட்டிருந்தோம். ஸ்டோரிலிருந்து வரும், வரும் என்று வந்துகொண்டே இருந்தது. அன்று சாயங்காலம் வளர்மதி பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சீக்கிரம் கிளம்பினாள். நான் ஒரு மீட்டிங்கில் மாட்டிக்கொண்டேன். கோதண்டம் தனியாக இருந்து, ஒரு தடவை படத்தை ஓட்டிப் பார்த்திருக்கிறார். முதலிலிருந்து கடைசி வரை ஓடியிருக்கிறது. ஆக, படம் உள்ளே வந்துவிட்டது. பிறகெதற்குப் பக்கத்து ஃபோல்டரில் வெறும் எண்களைப் பெயராக வைத்த இத்தனை கிளிப் குப்பை? அழித்தார். குப்பைத் தொட்டியையும் காலி செய்தார். கேமரா கார்டுகளை ஃபார்மட் செய்து, உறையில் போட்டு, ஸ்டோரில் ஒப்படைத்தார். மேஜையைத் துடைத்தார். வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கியும் இருப்பார்.

மறுநாள் காலையில் நான் அறைக்குள் நுழைந்தபோது வளர்மதி மவுஸை வெறிபிடித்ததுபோல் தட்டிக்கொண்டிருந்தாள். திரையில் ஏதோ அறிவிப்புப் பெட்டி வருகிறது, அவள் மூடுகிறாள், மறுபடி வருகிறது, மறுபடி மூடுகிறாள்.

"ஒண்ணுமே இல்ல மேடம். நேத்து வரைக்கும் ஓடிகினு இருந்துச்சு மேடம்" என்றாள்.

"கையை எடு" என்றேன். மூத்தவரின் குரல் என் வாயிலிருந்து வந்தது எனக்கே தெரிந்தது. ஆனால் டீ குடிக்கிற பொறுமை எனக்கு ஏது? ஃபோல்டரைத் திறந்து பார்த்தேன். கழுவித் துடைத்த மாதிரி இருந்தது. உடனே எனக்குப் புரிந்துவிட்டது. இந்த உலகத்தில் இவ்வளவு சுத்தமாக ஒரு இடத்தை வைக்கக்கூடியவர் ஒருவர்தான்.

செய்தி எப்படித்தான் போகுமோ, அதிகாரி வந்துவிட்டார். வந்ததும் வளர்மதியைத்தான் பார்த்தார்.

"என்னம்மா, அழிச்சுட்டியா? அதுக்குத்தான் சொன்னேன், காண்ட்ராக்ட் ஆள்கிட்ட இவ்வளவு பொறுப்பு குடுக்கக்கூடாதுன்னு."

அவள் வாயைத் திறப்பதற்குள், பின்னாலிருந்து கோதண்டம், கொஞ்சம் பெருமையோடுகூட, "நான்தாங்க சார் க்ளீன் பண்ணேன். படம் உள்ள ஓடிகினு இருந்துச்சு. வெளிய கெடந்ததெல்லாம் வேஸ்ட்டுங்க. ஷிப்ட் முடிஞ்சா எடத்த சுத்தமா வெச்சிட்டுத்தானங்க போவணும்? நீங்கதான சார் கிளாஸ்ல சொல்லுவீங்க" என்றார்.

ஹவுஸ்கீப்பிங் பாடம் எடுப்பது எங்கள் அதிகாரிதான். பெர்மனென்ட் ஆளை, அதுவும் பாடத்தில் உள்ளபடி நடந்த ஆளை, என்ன சொல்லித் திட்டுவது?

"சரி சரி, யார் அழிச்சா என்ன? படம் வரலைன்னா அந்தப் பொண்ணோட ரினியூவலை நான் எழுத முடியாதுங்க" என்றார்.

இதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிற இடம். அழித்தவர் ஒருவர், தண்டனை இன்னொருத்திக்கு. இதை ஏதோ மழை மேலிருந்து கீழே விழுகிற மாதிரி சாதாரணமாகச் சொல்லிவிட்டார். தான் என்ன செய்துவிட்டோம் என்பது கோதண்டத்துக்கு அப்போதுதான் உறைத்தது. முகம் வெளுத்துப்போய், "சார், அந்தப் பொண்ணு இன்னா பண்ணுச்சு?" என்று கேட்டார்.

அதிகாரிக்கு இன்னொரு யோசனையும் இருந்தது. "எல்லாம் இந்த ஓசி சாஃப்ட்வேரால வந்தது மேடம். மத்தியானம் கம்ப்யூட்டர் மெயின்டனன்ஸ்ல இருந்து ஆள் வருவாரு. மொத்தமா ஃபார்மட் போட்டு, காசு குடுத்து வாங்கின சாஃப்ட்வேர் ஒண்ணை ஏத்திடலாம். படத்துக்கு இன்டர்நெட்ல வேற ஏதாவது சுரங்கத்துல மழை பெய்யற வீடியோ கிடைக்குங்க. எடுத்துப் போடுங்க, யாருக்குத் தெரியப்போகுது?"

நான் கத்தினேன். அழிந்த ஃபைல் டிஸ்க்கில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கலாம், அதன் மேல் எதையும் எழுதாமல் இருந்தால் தேடிப் பார்க்கலாம், ஃபார்மட் போட்டு மேலே இன்னொன்றை ஏற்றினால் இருக்கிற கொஞ்சமும் போய்விடும் என்று தொண்டை வறளச் சொன்னேன். "பார்க்கலாங்க மேடம்" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். "பார்க்கலாங்க" என்றால் பார்க்கப்போவதில்லை என்று அர்த்தம். அதிகாரிகளோடு காலம் தள்ளியவர்களுக்கு அது தெரியும்.

நான் யாரைப் பிடித்து இதை நிறுத்தலாம் என்று போனைத் தேடிக்கொண்டிருந்தபோது கோதண்டம் காணாமல் போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு சிவப்பு அட்டை, டேக் என்பார்கள். சுரங்கத்தில் வேலை பார்த்தவர்களுக்கு அதைச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு மெஷினில் ஆள் வேலை செய்யும்போது, அதன் சுவிட்சில், "ஆள் வேலை செய்கிறார், இயக்காதே" என்ற அட்டையைத் தன் பெயரெழுதி மாட்டுவார். மாட்டியவர்தான் அதை எடுக்க வேண்டும். வேறு யாரும், எவ்வளவு பெரிய அதிகாரியாக இருந்தாலும், தொடக்கூடாது. தொட்டால் உள்ளே இருப்பவன் உயிர் போய்விடும். இந்த ஊரில் வேறு எந்த விதியை மீறினாலும் இதை ஒருவரும் மீற மாட்டார்கள்.

கோதண்டம் தன் பெயரை எழுதி, அந்த அட்டையைக் கணினியின் பவர் பட்டனை மறைத்தபடி கயிறு போட்டு மாட்டினார். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

மத்தியானம் மெயின்டனன்ஸ் ஆள் வந்தார், பையைக்கூடத் திறக்கவில்லை. வாசலில் நின்றபடியே அதிகாரிக்குப் போன் போட்டு, "டேக் இருக்குங்க சார்" என்றார். அதிகாரி தானே வந்தார். கணினியை நோக்கி நீண்ட அவர் கை பாதியில் நின்றது. இத்தனை வருஷம் அந்த அட்டையைத் தொடாதே என்று பாடம் நடத்திய கை.

"யாரோட டேக் இது?"

"என்னுதுங்க சார்."

"எடுங்க கோதண்டம்."

"வேல முடியலீங்க சார்."

"இது கம்ப்யூட்டருங்க! சுரங்கத்து மோட்டாரா?"

"உள்ள ஆள் இருக்குங்க சார்" என்றார் கோதண்டம். கண்ணால் வளர்மதியைக் காட்டினார்.

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். விழாவுக்கு முதல் நாள் வரை டைம், அதற்கு மேல் தன்னிடம் எதுவும் கேட்கக்கூடாது என்று சொல்லிவிட்டு, சென்னையில் ஏதோ மீட்டிங்குக்குக் கிளம்பிப் போனார்.

பென் டிரைவிலிருந்தே ஓடக்கூடிய, அழிந்த ஃபைல்களைத் தேடும் இலவச மென்பொருள் ஒன்றைப் போட்டு டிஸ்க்கைத் துழாவினோம். கார்டுகளை ஸ்டோர்காரர்கள் அதற்குள் வேறு பிரிவுக்குக் கொடுத்துவிட்டிருந்தார்கள். டிஸ்க்கில் வந்ததெல்லாம் பாதியில் உடைந்த துண்டுகள். ஒன்றும் ஓடவில்லை. வளர்மதி துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வுடுங்க மேடம். நான் பழைய காண்ட்ராக்டுக்கே போய்க்கிறேன்" என்றாள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. அவள் மேல் அல்ல, யார் மேல் என்றும் தெரியவில்லை. "காலையில ஏதோ பெட்டி பெட்டியா வந்துதே, அதுல என்ன எழுதியிருந்தது?" என்று கேட்டேன்.

"படிக்கல மேடம்."

"திற. இந்தத் தடவை மூடாதே. படி."

திறந்தாள். கேளுங்கள், அதில் எழுதியிருந்தது இதுதான்: மூல கிளிப்புகளைக் காணவில்லை, ஆனால் அவற்றின் சின்ன நகல்கள் இருக்கின்றன, அவற்றை வைத்துத் திறக்கட்டுமா?

காலையிலிருந்து அந்த மென்பொருள் கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. நாங்கள்தான் அதன் வாயைப் பொத்திக்கொண்டிருந்தோம். எங்கள் கணினி பழசு, பெரிய வீடியோ என்றால் திக்கித் திக்கி ஓடும். அதனால் வேலை ஆரம்பித்த அன்றே ஒவ்வொரு கிளிப்புக்கும் சின்ன நகல் செய்து வைத்துக்கொள் என்று வளர்மதி ஒரு பட்டனை அழுத்தியிருந்தாள். அழுத்தியதை மறந்தும் போயிருந்தாள். அந்த நகல்களை மென்பொருள் தன்னுடைய மறைவான ஃபோல்டரில் வைத்துக்கொள்ளும். மத்தியானம் ஃபார்மட் போட்டிருந்தால் அதுவும் போயிருக்கும்.

"அந்த ஃபோல்டர் என் கண்ணுல படலீங்க மேடம். பட்டிருந்தா அதையும் எடுத்திருப்பேன்" என்றார் கோதண்டம், உண்மையை மறைக்கத் தெரியாமல். அவரை அடிப்பதா, கும்பிடுவதா?

நீங்கள் எத்தனை பேர் அறிவிப்புப் பெட்டியைப் படிக்கிறீர்கள்? "ஓகே"யை அழுத்திவிட்டு, "சாஃப்ட்வேர் சரியில்லை மேடம்" என்று எனக்குப் போன் போடுகிறீர்கள். இனி அப்படிப் போன் வந்தால், பெட்டியில் என்ன எழுதியிருந்தது என்று கேட்பேன். சொல்லத் தெரியாவிட்டால் வைத்துவிடுவேன்.

பிரச்சினை அத்தோடு தீரவில்லை. சின்ன நகல் கணினியில் பார்க்க நன்றாக இருக்கும். ஹாலில் பெரிய திரையில் போட்டால் முகமெல்லாம் சதுரம் சதுரமாகக் கரைந்துபோகும். கோதண்டமே சொன்னார், "சார் சொன்ன மாதிரி இன்டர்நெட்ல எடுத்துப் போட்டுடலாமா மேடம்?" எனக்கும் ஒரு கணம் தோன்றாமல் இல்லை. அவள் பிழைப்பு ஊசலாடும்போது வெளிநாட்டு மழை, உள்நாட்டு மழை என்று பார்க்க முடியுமா?

வளர்மதிதான் வேண்டாம் என்றாள். "பம்பு செக்‌ஷன் ஆளுங்க முன்னாடிதான் உக்காருவாங்க மேடம். அது அவங்க பம்பு இல்லன்னு அவங்களுக்குத் தெரியாதா? நனைஞ்சவங்க மேடம் அவங்க."

இழக்கப்போகிறவள் அவள்தான். ஆகவே முடிவும் அவளுடையதாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அவள் படத்தைப் பெரிதாக்கவில்லை, சின்னதாக்கினாள். திரை முழுக்க ஒரு கறுப்புச் சட்டம், நடுவில் ஜன்னல் மாதிரி ஒரு கட்டம், அதற்குள் படம். சட்டத்தின் கீழே மஞ்சள் எழுத்தில் பாதுகாப்பு வாசகங்கள். சின்ன அளவில் பார்க்கும்போது மங்கல் தெரியவில்லை. வேலை முடிந்து, படம் தனியாக ஒரு முழு ஃபைலாக வெளியே வந்து, அதை மூன்று இடத்தில் நகல் எடுத்த பிறகுதான் கோதண்டம் எழுந்து தன் அட்டையைக் கழற்றினார்.

விழா அன்று ஹால் நிரம்பியிருந்தது. பம்பு செக்‌ஷன்காரர்கள் உண்மையாகவே முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அதிகாரி அன்று காலையில்தான் சென்னையிலிருந்து வந்திருந்தார். படத்தை முன்கூட்டிப் பார்க்க நேரமில்லை. திரையில் கறுப்புச் சட்டம் வந்ததும் அவர் என் பக்கம் திரும்பிப் பார்த்த பார்வை நல்ல பார்வை இல்லை. என் பக்கத்தில் வளர்மதி விரல்களைப் பின்னிக்கொண்டு நின்றாள்.

குழாயைத் தோளில் சுமந்த ஆட்கள் வந்தபோது முன்வரிசையில் ஒரு விசில். பம்பு தண்ணீரைக் கக்கியபோது, "நம்ம பம்புடா!" என்று ஒரு குரல். முகம் கழுவிக்கொண்டு சிரித்தவர் திரையில் வந்ததும் அவரைச் சுற்றியிருந்தவர்கள் அவர் முதுகில் அடித்த அடியில் அவர் நாற்காலியே ஆடியது. படம் முடிந்தும் சத்தம் அடங்கவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க நான் முயற்சி செய்யவில்லை.

மேடையில் இருந்த பெரிய அதிகாரி மைக்கை வாங்கினார். "ரொம்ப நல்லா இருந்துது. அதுவும் இந்த ஃப்ரேம் டிசைன்! கண்ணு அங்க இங்க அலையாம நேரா விஷயத்துக்குப் போகுது. யாரோட ஐடியா இது?"

எங்கள் அதிகாரி ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை. "நம்ம செக்‌ஷன் எடிட்டர்தாங்க சார், வளர்மதின்னு. நான்தான் புதுசா ஏதாவது பண்ணச் சொன்னேன்" என்றார்.

எனக்குப் பின்னால் நாற்காலி நகர்ந்தது. கோதண்டம் எழுந்து நிற்கிறார். வாயைத் திறந்தாகிவிட்டது. டிசைனாவது ஒன்றாவது, கிளிப்பை அழித்தது நான்தான் என்று அவர் சொல்லப் போகிறார் என்பது அவர் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது. அவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தேன்.

"பொய்யில்லீங்களா மேடம் அது?"

"உங்களை யாராவது கேட்டாங்களா? உட்காருங்க."

என் வேலையில் நான் எடுத்த முடிவுகளில் மிகக் குறைந்த நேரத்தில் எடுத்தது அதுதான். சரியா தப்பா என்று இன்னும் எனக்குள் வாதாடிக்கொண்டுதான் இருக்கிறேன். உங்களுக்கும் இப்படி ஒரு நாள் வரும். அன்றைக்கு என்னைக் கேட்காதீர்கள்.

மறுநாள் அதிகாரி ரினியூவலில் கையெழுத்துப் போட்டார், எடிட்டர் என்று எழுதியே. அதோடு ஓர் உத்தரவும் போட்டார். இனிமேல் மையத்திலிருந்து வருகிற எல்லாப் படமும் அதே மாதிரி கறுப்புச் சட்டத்துக்குள்தான் வர வேண்டும், பெரிய அதிகாரிக்குப் பிடித்திருக்கிறது.

நான் ஓய்வு பெற்றேன். புதுக் கணினி வந்தது. தண்ணீர்த் துளிகூட எண்ணலாம் என்கிற அளவுக்குத் தெளிவான கேமராவும் வந்தது. போன மாதம் அந்தப் பக்கம் போனபோது உள்ளே எட்டிப் பார்த்தேன். வளர்மதி அந்தத் தெளிவான படத்தை எடுத்து, சுருக்கி, கறுப்புச் சட்டத்துக்கு நடுவில் அடைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு வந்ததே கோபம்!

"என்ன அநியாயம் இது வளரு? இவ்வளவு நல்ல படத்தைப் போய் இப்படிச் சுருக்குறியே? உண்மையைச் சொல்லித் தொலைச்சா என்ன?"

"சுருங்கினா சுருங்கட்டும் மேடம்" என்றாள் அவள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "சேர்ல நான்தான உக்காந்துகினு இருக்கேன்?"

சட்டத்தின் ஓரத்தைக் கொஞ்சம் நேராக்கிவிட்டு, அடுத்த கிளிப்பை இழுத்துப் போட்டாள்.